வாய்விட்டுச் சொல்லாத எடை

எனக்கு வாய் அதிகம். இதை நானாகச் சொல்லவில்லை. எங்கள் பால்வாடி ஆயா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருப்பது. பருப்பு வேகவில்லையென்றால் அடுப்போடு சண்டை போடுவேன். தண்ணீர் லாரி வரவில்லையென்றால் தெருவில் நின்று கத்துவேன். மீட்டிங்கில் மேற்பார்வையாளர் அம்மாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசிவிட்டு, பஸ்ஸில் வரும்போது வருத்தப்படுவேன். இப்படிப்பட்ட நான் இருபது வருடங்களுக்கு மேலாக ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொன்னதில்லை. குழந்தையின் எடை.

அதற்குக் காரணம் என் முதல் வருடத்தில் நடந்தது. பொங்கலூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து பஸ் ஏறி, திருப்பூருக்கு வெளியே சாயப்பட்டறைகளுக்குப் பின்னால் இருக்கும் அங்கன்வாடி மையத்துக்கு டீச்சராக வந்து சேர்ந்திருந்தேன். மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு எடை போட வேண்டும். கதவு நிலைக்கு மேலே கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, அதன் துணித் தொட்டிலில் குழந்தையை உட்கார வைத்து, முள் ஆடி நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு முதலில் வந்தது ஒரு கொழுகொழு பையன். அவன் அப்பா நாலு தையல் மெஷின் போட்டு பனியன் யூனிட் நடத்துகிறவர். முள் நின்றதும், "பன்னண்டரைக் கிலோ! அடேங்கப்பா!" என்று கூவிவிட்டேன். வரிசையில் நாலைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள்.

மறுநாள் காலையில் பையனின் அம்மாவும் அவளுடைய மாமியாரும் வாசலில் நின்றார்கள்.

"ஏனுங்க டீச்சர், எடை போடச் சொன்னா ஏலமா உடறீங்க? என்ற பேரனுக்கு நேத்துப் புடிச்ச காச்சலு, இன்னும் கண்ணத் தொறக்கலீங்க" என்றார் மாமியார்.

மூன்று மாதம் அந்தப் பையன் மையத்துப் பக்கம் வரவில்லை. அவர்கள் வீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்றுகூட யாரும் அடுத்தவர் காதுபடச் சொல்ல மாட்டார்கள். டிரெயினிங் முடித்து வந்த திமிரில் அதை மறந்திருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் எடையைச் சொல்வதில்லை. அட்டையில் எழுதி மடித்துத் தாயின் கையில் கொடுத்துவிடுவேன். நல்ல எடை என்றால் கண் பட்டுவிடும். குறைந்த எடை என்றால் பெற்றவளுக்குத் தலைகுனிவு. இரண்டுக்குமே வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை. ஆனால் எடை இறங்கிய குழந்தையின் தாய்க்கு எப்படியாவது தெரிவிக்க வேண்டுமே. அதற்கு ஒரு வழி தானாக அமைந்தது. அப்படிப்பட்டவளிடம் அட்டையைக் கொடுக்கும்போது கையைச் சற்று நேரம் விடாமல் பிடித்து அழுத்துவேன். அழுத்தினால், எல்லோரும் போன பிறகு திரும்பி வா என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் அந்தப் பகுதிப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறவள் போலப் போய், கொஞ்ச நேரம் கழித்துப் பின்வாசல் வழியாக வருவாள். "என்னங்க டீச்சர்?" என்பாள் மெதுவாக. சோற்றில் எண்ணெய் சேர்ப்பது, சத்துமாவைக் கரைக்காமல் கெட்டியாகக் கிண்டிக் கொடுப்பது, பெரியாஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை போவது, எல்லாவற்றையும் அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லுவேன். அப்படித் தேறிய பிள்ளைகள் இன்று கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறார்கள். வழியில் பார்த்தால் கையாட்டுகிறார்கள். எனக்கு இதில் தனிப் பெருமை இருந்தது. புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களுக்குப் பாடமே எடுப்பேன்.

மையத்தைச் சுற்றி அப்போது தோட்டங்கள் இருந்தன. இப்போது லைன் வீடுகள். பத்துக்குப் பத்து அறைகள், வரிசைக்குப் பன்னிரண்டு. தேனிக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள் வந்தார்கள். பிறகு பீகார், ஒடிசா. என் பதிவேட்டில் பாதிப் பெயர்களை நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன்.

நான் சொல்ல வந்த தாய் ஒடிசாவிலிருந்து வந்தவள். இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. கணவன் சாயப்பட்டறையில் வேலை. இவள் அறையிலேயே உட்கார்ந்து பிசிறு வெட்டுவாள். தைத்து முடித்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரிக்கும் வேலை அது. மூட்டை மூட்டையாக வரும், அத்தனையும் ஏற்றுமதிக்குப் போகும் குழந்தைப் பனியன்கள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது "செரி" என்ற ஒரே சொல். எதைச் சொன்னாலும் "செரி செரி" என்று சிரிப்பாள். அவளுடைய பெண் குழந்தைக்குப் பதின்மூன்று மாதம் ஆனபோது முதல்முறையாக எங்கள் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் குழந்தை தராசில் அழாது. மற்றவை தொட்டிலில் காலை வைப்பதற்குள் ஊரைக் கூட்டும். இது கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைத் தூக்கி என் முகத்தையே பார்க்கும். "இதப் பாருங்க, எப்படித் தங்கமா உக்காந்திருக்குது" என்று மற்ற தாய்மார்களுக்கு அதைக் காட்டினேன். அழாத குழந்தை நல்ல குழந்தை என்று நினைக்கிற புத்தி நமக்கு. அழுவதற்கும் தெம்பு வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. குழந்தை வளர்ச்சி பற்றி எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். எழுதி என்ன.

முதல் மாதம் ஏழு கிலோ அறுநூறு. அடுத்த மாதம் ஏழு ஐந்நூறு. நூறு கிராம்தானே, சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் ஏழு இருநூறு. அட்டையில் எழுதி மடித்தேன். கொடுக்கும்போது அவள் கையைப் பிடித்து அழுத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்தது. இன்னொரு கையைக் கொண்டுவந்து என் கைமேல் வைத்து அவளும் அழுத்தினாள். பிறகு குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் அடுப்படியில் காத்திருந்தேன். சோற்றுப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தாயிற்று.

"அந்த வடநாட்டுப் புள்ள வல்லீங்களா டீச்சர்?" என்று ஆயா கேட்டாள்.

"மூட்டையைத் திருப்பிக் குடுக்கோணுமாட்டிருக்குது. நாளைக்கு வருவா" என்றேன்.

நாளைக்கும் வரவில்லை. சத்துமாவு வாங்க வந்தபோது ஒரு பாக்கெட் கூடுதலாகக் கொடுத்து, வாயில் ஊட்டுவதுபோல் கையைக் காட்டி, "நெறையக் குடு கண்ணு, நெறைய" என்றேன். "செரி செரி" என்றாள். எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது.

நான்காம் மாதம் ஆறு கிலோ எண்ணூறு. எண்ணைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. அன்றைக்கு அவள் குழந்தைக்கு ஒரு புதுப் பனியன் போட்டுக் கூட்டி வந்திருந்தாள். மூட்டையில் கழித்துப்போட்ட துணி, மார்பில் ஒரு சிறு சாயக் கறை. பின்கழுத்தில் தைத்த லேபிள் துண்டில் ஆறு மாதம் என்ற அளவு இருந்தது. பதினாறு மாதக் குழந்தைக்கு அது தொளதொளவென்று இருந்தது. துண்டு வெளியே மடங்கிக் கிடந்ததால் உள்ளே தள்ளிவிட்டேன். விரலில் கழுத்தெலும்பு தட்டியது.

எடை அட்டையின் வளர்ச்சிக் கோட்டில் சிவப்புக்குப் போய்விட்ட குழந்தை அது. பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே தனி வார்டு இருக்கிறது. தாயும் பிள்ளையும் இரண்டு வாரம் தங்கினால் போதும், தேற்றிவிடுவார்கள். அன்றே கூட்டிப் போயிருக்க வேண்டும். ஆனால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் என் வழக்கப்படி அட்டையை மடித்தேன். இந்த முறை அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, வலிக்கும்படி அழுத்தினேன். அவள் குனிந்து என் கைகளில் நெற்றியை வைத்தாள். சிரித்துக்கொண்டே போனாள்.

"டீச்சர், அவளுக்கு இது புரியலீங்க" என்றாள் ஆயா. "வாயத் தொறந்து சொல்லியுடுங்க. இல்லாட்டி மூணாவது ஊட்டுக்காரப் புள்ளயக் கூப்புட்டுச் சொல்லச் சொல்லுங்க."

மூன்றாவது வீட்டுக்காரப் பெண்ணும் ஒடிசாதான். பத்து வருடமாக இங்கே இருக்கிறாள், கம்பெனியில் செக்கிங் வேலை, நம்மைவிட நன்றாக நம் பேச்சைப் பேசுவாள். அவள் பையன் எங்கள் மையத்தில்தான் படிக்கிறான். மாலையில் அவனை அழைத்துப் போக வரும்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சொல்லவில்லை. ஒருத்தியின் பிள்ளை தேறாமல் கிடக்கிறது என்பதைப் பக்கத்து வீட்டுக்காரியின் வாயால் சொல்லவைப்பதா? பெற்றவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? இப்படித்தான் நினைத்தேன். புதன்கிழமை நர்ஸ் வருவார், அவரோடு சேர்ந்து நானே அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆயாவிடம், "எனக்குத் தெரியும், நீ பாத்திரத்தைக் கழுவு" என்றேன்.

புதன்கிழமை அந்த அறை பூட்டியிருந்தது. கணவன் வேலைபார்த்த பட்டறை சில நாட்களாக ஓடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் லைன் வீட்டுக்காரர். அவர் திறந்து காட்டிய அறைக்குள் எதுவும் இல்லை. மூலையில் கத்தரித்த நூல் குவிந்து கிடந்தது.

அதற்குப் பிறகு எடை போடும் நாளில் எந்தக் குழந்தையைத் தொட்டிலில் வைத்தாலும் முள் ஆறு எண்ணூறைத் தாண்டும்வரை மூச்சு வராது. குழந்தையை இறக்கிய பிறகும் வெறும் தொட்டில் கொஞ்ச நேரம் ஆடும். அதில் யாரோ உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கும். ஒரு நாள் நான் அதைக் கையால் பிடித்து நிறுத்துவதை ஆயா பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குழந்தையை இறக்கிய உடனே அவளே தொட்டிலைப் பிடித்துக்கொள்கிறாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

பஸ்ஸிலும் இது விடவில்லை. பிளாட்பாரக் கடைகளில் குழந்தைப் பனியன்கள் கம்பியில் தொங்கும். காற்றில் அவை உப்பும்போது நான் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். கணவர் கேட்டால் தலைவலி என்பேன். வாய் அதிகம் உள்ளவள் பேசாமல் இருந்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பயந்துபோனார்கள்.

போனிலும் அந்தக் குழந்தை இருந்தது. எங்கள் வேலையெல்லாம் இப்போது போனில்தான். ஒவ்வொரு மாதமும் எல்லாக் குழந்தைகளின் எடையையும் ஏற்றி முடித்தாலும் ஒரு பெயர் மட்டும் நிலுவையில் நிற்கும். அந்தப் பெயரை நீக்கச் சொல்லி மேற்பார்வையாளர் அம்மா மூன்று முறை சொன்னார். நீக்க வேண்டுமென்றால் காரணம் குறிக்க வேண்டும். ஊர் மாறிவிட்டது என்று ஒன்று, இறப்பு என்று ஒன்று.

"ஊர் மாறிட்டாங்கன்னு போடறதுக்கு என்னங்க யோசனை?" என்றார் அவர்.

உண்மையில் யோசனை எதுவும் இல்லை, ஊர் மாறியது நிஜம்தானே. ஆனால் அதன்மேல் விரலை வைத்தால், இனி அந்தக் குழந்தை என்ன ஆனது என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று ஆகிவிடும். என்னால் முடியவில்லை. ஐந்து மாதம் கழித்து மூன்றாவது வீட்டுக்காரப் பெண்ணை மதியம் வரச் சொன்னேன். அன்று அவளுக்கு வார விடுமுறை.

குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எடை இறங்கியது, கையை அழுத்தினால் என்ன அர்த்தம், ஆயா சொல்லியும் இவளைக் கூப்பிட்டுச் சொல்லவைக்காமல் விட்டது, எல்லாம். அவள் தூங்கும் மகனின் சட்டையை இழுத்துவிட்டாள்.

"அவங்க எங்கிட்டச் சொல்லுவாங்க டீச்சர்" என்றாள். "இந்த ஊர்ல எல்லாரும் தள்ளி நின்னுதான் பேசறாங்க, டீச்சர் ஒருத்தர்தான் என்ற கையப் புடிச்சாங்கன்னு. ரெண்டு மூணு தடவ சொல்லீருக்கறாங்க. உங்களுக்கு அவங்கள ரொம்பப் புடிக்கும்னு நெனச்சுட்டாங்க."

எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, ஊரிலிருக்கும் அவளுக்குப் போன் போடச் சொன்னேன்.

ஸ்பீக்கரில் மணி அடித்தது. இரண்டாம் முறைதான் எடுத்தாள். குரல் கேட்டதும் அடையாளம் தெரிந்தது. அவர்கள் இருவரும் பேசினார்கள். இவள் முகம் மாறியதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் காத்திருந்தேன்.

"கொழந்த இல்லீங்க டீச்சர்" என்றாள். "ஊருக்குப் போயி ஒன்றரை மாசத்துல. வயித்தால போச்சாம், மூணு நாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டுப் போயிருக்காங்க. டாக்டர் உங்க அட்டையப் பாத்தாராம்."

"என்ன சொன்னாராம்?"

"மாசா மாசம் எறங்குனது இதுல எழுதியிருக்குதே, ஒருத்தருமே உனக்குச் சொல்லலையான்னு கேட்டாராம்."

போனில் அவள் மறுபடி ஏதோ சொன்னாள். சின்னக் கேள்வி. இவள் என்னைப் பார்த்தாள், சொல்லத் தயங்கினாள். நான் விடவில்லை.

"டீச்சருக்கு அப்பவே தெரியுமான்னு கேக்கறாங்க."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தத் தராசு பழசு, எடை சரியாகக் காட்டாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாதவளா நான்?

"தெரியும்னு சொல்லு" என்றேன். "கையப் புடிச்சது அதுக்குத்தான்னு சொல்லு."

அவள் சொன்னாள். போனில் மாடு கத்துவது மட்டும் தூரத்தில் கேட்டது. பிறகு பெற்றவள் பேச ஆரம்பித்தாள். "செரி செரி" என்பதைத் தவிர அவள் பேசி நான் கேட்டதில்லை. இத்தனை பேச்சு அவளுக்குள் இருந்ததா என்று இருந்தது. கத்தவில்லை, அழவும் இல்லை. சீராக, நிறுத்தாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் பேசினாள். நடுவில் ஒரே சொல்லை நாலைந்து முறை சொன்னாள். பாயில் ஒரு பிள்ளை புரண்டு படுத்தது. ஆயா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். போன் அணைந்தது.

"என்ன கண்ணு சொன்னா?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

"அவ்வளவு நேரம் பேசினாளே."

அவள் போனை முந்தானையில் துடைத்தாள். "உங்கள நல்லா இருக்கச் சொன்னாங்க" என்றாள்.

"அது மட்டுந்தானா?"

"அது மட்டுந்தானுங்க டீச்சர்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். மகனைத் தூக்கத்திலேயே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் அவளை மறுபடி கேட்கவில்லை. அன்று கேட்ட பேச்சு அப்படியே என் காதில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை இப்போதும் ஏற்ற இறக்கத்தோடு திருப்பிச் சொல்ல என்னால் முடியும். நான் போகிற பஸ்ஸில் தினமும் ஒடியா பேசுகிற பெண்கள் நாலைந்து பேராவது ஏறுகிறார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நூல் ஒட்டிய சேலையை உதறிவிட்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்தச் சொல்லுக்கு என்னம்மா அர்த்தம் என்று அவர்களில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.